காரை நிறுத்திய ஞாயிறு

கார்ப் பந்தயத்தை நான் கல்யாணம் கட்டிய காலம் தொட்டு வெறுத்து வந்தவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக் கூடத்தில் அந்தச் சனியன் பிடித்த இரைச்சல் தொடங்கிவிடும். சில்லுகள் நான்கும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற ஒற்றை ஆள் கார்கள். தகப்பனும் மகனும் சோபாவின் விளிம்பில் இருந்துகொண்டு, "இப்ப உள்ளுக்குக் கூப்பிட்டு ரயர் மாத்தவேணும்", "இல்லையப்பா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்று, ஏதோ அந்தக் காரோட்டிகள் இவர்களிடம்தான் யோசனை கேட்டு நிற்பதுபோலச் சண்டை பிடிப்பார்கள். சோறு ஆறிப்போகும். நான் அகப்பையோடு வந்து நின்று, "உந்தக் காரே வந்து உங்களுக்குச் சோறு போடப்போகுது?" என்று கத்துவேன். பிற்காலத்தில் அது மகனுக்கு உண்மையாகவே சோறு போட்டது. அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுவதில் இவருக்கு அப்படியொரு சந்தோசம்.

இவர் போன வருடம் பங்குனி மாதம் போய்விட்டார். இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. காய்ச்சல் என்றாலும் போவார், நாரிப்பிடிப்பு என்றாலும் போவார். டொக்டரிடம் லீவுத் துண்டு வாங்கிக்கொண்டு ஒரு கிழமை வீட்டில் கிடவுங்கோ என்றால், "நான் நிண்டால் லைன் நிண்டிடும்" என்பார். லைன் ஒரு நாளும் நிற்கவில்லை. இவருடைய நெஞ்சுதான் வேலைத்தலத்தில் வைத்து நின்றது.

மகன் தெற்கே ஒரு ஊரில், அதே பந்தயக் கார்களுக்கு இயந்திரம் செய்யும் கம்பனியில் எஞ்சினியர். எங்கள் ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தி எனக்கு வாய் உளைந்துவிட்டது. கொலோனில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு அக்கா, "உம்மட மோன் கராஜிலை கார் திருத்துறானாம், இவ்வளவு படிச்சும் ஏன் அப்பிடி?" என்று துக்கம் விசாரித்தாள். அவன் திருத்துகிறவன் இல்லை, உடைக்கிறவன் என்று சொன்னேன். அது உண்மைதான். புது இயந்திரத்தை மேசை போன்ற ஒரு கட்டிலில் இறுக்கிப் பூட்டி, எங்கும் போகாமலே நாட்கணக்காக முழு வேகத்தில் ஓடவிட்டு, எது முதலில் உடைகிறது என்று பார்ப்பதுதான் அவனுடைய வேலை. அந்த இடத்துக்கு 'பிரூஃப்ஷ்டாண்ட்' என்று பெயர். அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு வட்டிலப்பம் எடுக்கப் போய்விட்டாள்.

இவர் போன பிறகு மகன் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களோ?" "ஓம், நீ?" "ஓம்." "அங்கை குளிரோ?" "ஓம்." அதோடு முடிந்துவிடும். போனை வைத்த பிறகு வீடு முழுக்க ஃபிரிட்ஜின் உறுமல்தான் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் விசர் பிடிக்க வைக்கும். ஒரு ஞாயிறு தாங்க முடியாமல் தொலைக்காட்சியைப் போட்டேன். பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. இவர் இருந்து இருந்து பள்ளமாக்கிய சோபா மூலையில் போய் இருந்துகொண்டு பார்த்தேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை. அன்றைக்குப் போன் வந்தபோது, சாப்பாட்டைக் கேட்காமல், "ஏன் மோனை அந்த நீலக் கார் நல்லாத்தானே ஓடினது, பிறகேன் கடைசியிலை இருந்து வெளிக்கிட விட்டவங்கள்?" என்று கேட்டேன். மகன் கதைக்கத் தொடங்கினான், நிறுத்தவே இல்லை.

அப்படித்தான் எனக்கு இந்த விளையாட்டு பழக்கத்துக்கு வந்தது. மகனுடைய குரலைக் கொஞ்சம் கூட நேரம் கேட்பதற்காகத்தான், வேறொன்றுக்கும் இல்லை. முந்தின காலத்தில் ஒரு இயந்திரம் ஒரு பந்தயம் முடிந்து கொடி காணுமட்டும் உயிரோடு இருந்தால் போதுமாம். இப்போது ஒரு காருக்கு ஒரு வருடத்துக்கு இத்தனை இயந்திரம்தான் என்று சட்டம். அதற்கு மேலே ஒன்றை எடுத்துப் பூட்டினால் தண்டனையாகப் பின்வரிசையிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் சில வேளை, கார் நல்லாய் இருக்கும்போதே, முந்துவதற்கு வசதியான ஒரு ஊராகப் பார்த்து, வேண்டுமென்றே தண்டனையை வாங்கிப் புது இயந்திரத்தைப் பூட்டுவார்களாம். நீலக் காரின் கதை அதுதான். "அட கள்ளப் பயலுகள்!" என்றேன். மகன் சிரித்தான். தகப்பன் போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

பந்தயத்தின் நடுவில் எண்ணெய் அடிப்பது ஒரு காலத்தில் இருந்ததாம், பிறகு தடை பண்ணினார்களாம். அதற்காக இவர் வீட்டில் துக்கம் கொண்டாடியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அரைத் தாங்கியோடு இலேசாக ஓடுவதா, நிறைய அடித்துக்கொண்டு நிற்காமல் ஓடுவதா என்று மூளை வேலை செய்ய இடம் இருந்தது, அதையும் கெடுத்துப்போட்டாங்கள் என்று இவர் புறுபுறுத்துக்கொண்டே திரிந்தார். அன்றைக்கு நான், இந்த மனிசனுக்கு வேறு கவலை இல்லையோ என்று நினைத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருந்து விளங்கப்படுத்தியிருப்பார். இப்போது மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

ஒருவாறு எல்லாம் படித்து முடித்தேன் என்று இருக்க, இந்த வருடம் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். புகைபோக்கியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிற பாகத்தை வேண்டாம் என்று எறிந்துவிட்டு, கிட்டத்தட்டப் பாதிப் பலத்தைப் பற்றரியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நேர்பாதை முடியப்போகிற இடத்தில் பற்றரி வற்றி, கார் மூச்சு வாங்குகிறது. காரோட்டி எங்கே மிதிப்பது என்பதைவிட எங்கே காலை எடுத்து மின்சாரம் சேர்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு ஓடவேண்டும். "எனக்கு நீ படிப்பிச்சதெல்லாம் வீணாப்போச்சே மோனை" என்றேன். "எனக்கும் எல்லாம் புதுசுதான் அம்மா" என்றான். அவனுடைய குரல் சரியில்லை.

குளிர்காலம் முழுக்க அந்தப் புது இயந்திரம் பிரூஃப்ஷ்டாண்டில் உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் வேறொன்று போகுமாம். மகன் அங்கேயே ஒரு அறையில் படுத்தெழும்பத் தொடங்கினான். மார்கழியில் நத்தார் லீவுக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஒன்றுக்கும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இவருடைய ஆட்டைத் திவசம், முதல் வருடத்துக் கிரியை, அதற்கு மகன் வராமல் எப்படி? கொள்ளி வைத்த பிள்ளை இருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டும். அதற்குத் திதி பார்த்தால், ஒரு பந்தய ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் வந்து விழுந்தது. திதியைத் தள்ளிவைக்க ஏலாது. பந்தயத்தையும் தள்ளிவைக்க மாட்டார்கள்.

மகன் தன் மேலாளரிடம் போய்க் கேட்டான். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் உடையாமல் வந்தால் திங்கள் மத்தியானம் வரை போய் வா, உடைந்தால் எல்லாரும் இருந்து காரணம் தேடத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆக, என் மனிசனுக்கு மகன் கையால் எள்ளுத் தண்ணீர் கிடைக்குமோ இல்லையோ என்பது, உலகத்தின் மறுகரையில் ஓடப்போகிற ஒரு மோட்டாரின் கையில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எந்தக் கார் வென்றால் எனக்கென்ன, அது ஓடி முடித்தால் போதும்.

பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். போகும் முன்பு மகனிடம், "அந்த மோட்டாரை முதன்முதல் எப்ப பத்தவைச்சனீங்கள்?" என்று கேட்டு வைத்திருந்தேன். "அதெல்லாம் வெளியாலை சொல்லக்கூடாது அம்மா" என்றான். "நான் தெய்வத்துக்குத்தான் சொல்லப்போறன், பத்திரிகைக்கே சொல்லப்போறன்?" என்று அதட்டினேன். சொன்னான். கலண்டரைப் பார்த்தேன், அன்றைக்குக் கார்த்திகை நட்சத்திரம். கோயிலில் ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "கார்த்திகையோ? மேஷமோ இடபமோ?" என்று கேட்டார். காலையிலே பத்த வைத்தார்களா, மாலையிலா என்று மகனிடம் கேட்க மறந்து போனேன். "ரெண்டுக்கும் செய்யுங்கோ ஐயா, அது பிள்ளை இல்லை, மோட்டார்" என்றேன். "புது வாகனமோ? வாசலுக்குக் கொண்டுவந்தால் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு விடலாம்." "அது இஞ்சை வராது. றோட்டிலை ஓடவும் ஏலாது" என்றேன். றோட்டில் ஓடாத வாகனத்தை ஏன் வாங்கினாய் என்பதுபோல ஐயர் என்னைப் பார்த்தார், ஆனாலும் மணியை அடித்து இரண்டு ராசிக்கும் செய்தார்.

ஞாயிறு வந்தது. பந்தயம் கிழக்கே ஒரு நாட்டில் என்றபடியால் இங்கே காலைச் சாப்பாட்டு நேரம். மறுநாள் படையலுக்கு வேண்டிய மரக்கறியெல்லாம் மேசையில் குவிந்து கிடக்க, கத்தரிக்காய் வெட்டியபடி பார்த்தேன். எங்கள் இயந்திரம் ஓடிய கார் நடுவரிசையில் தொடங்கியது. முதலில் நல்லாய்த்தான் ஓடியது. பிறகு ரயர் மாற்ற வந்து போனதும் பின்னால் விழுந்தது. நேர்பாதையில் ஒவ்வொருவராக வந்து அதை முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும், கடைசியாய் வந்தாலும் வந்து சேர் என்று கெஞ்சினேன். கத்தரிக்காயெல்லாம் கண்டபடி துண்டாகிக் கிடந்தது. பந்தயம் முடியக் கொஞ்சச் சுற்றுகள் இருக்க, அந்தக் கார் மெல்லமாகத் திரும்பிக் கராஜுக்குள் போனது. ஆட்கள் வந்து பின்னால் தள்ளினார்கள். காரோட்டி வெளியே இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினான். அறிவிப்பாளர் ஏதோ கோளாறாக இருக்கலாம் என்று சொன்னார்.

நான் கத்தியை எறிந்தேன். "நாசமாப் போவாய்!" என்று அந்த மோட்டாரைத் திட்டினேன். இன்னும் என்னென்னவோ திட்டினேன், எழுத்தில் வராது. கீழ்வீட்டு ஜேர்மன்காரி கூரையில் தட்டுவாள் என்றுகூட நினைக்கவில்லை. அதன் பிறகு, இவருடைய சோபா மூலையில் இருந்துகொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். யாருமில்லை பார்க்க, யாருமில்லை "என்னப்பா, என்ன?" என்று கேட்க. அப்படி அழுவதில் ஒரு சுகமும் இல்லை. களைத்துப்போய் நானாகத்தான் நிறுத்தினேன்.

பின்னேரம் போலப் போன் வந்தது.

"அம்மா, உடையேல்லை."

"என்ன உடையேல்லை? நான் பாத்தனான். உள்ளுக்குத் தள்ளினவங்கள்."

"அது நாங்களாத்தான் நிப்பாட்டினது. முதல் பத்துக்குள்ளை வந்தால்தான் புள்ளி, அந்தக் காரோட்டிக்கு இனி அது கிடைக்காது. கிடைக்காத புள்ளிக்கு ஏன் மோட்டாரைத் தேய்ப்பான்? மிச்சச் சுத்துகளை அடுத்த பந்தயத்துக்கு வைச்சிருக்கிறம். மோட்டார் தங்கம் மாதிரி இருக்கு."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "அப்ப வருவியோ?"

"ஓம் அம்மா, வாறன். இஞ்சை ஒரு கூட்டம் இருக்கு, அது முடிய வெளிக்கிடுவன். ரயில்பாதையிலை வேலையாம், எல்லாம் சுத்தி விடுறாங்கள், நேரத்துக்கு வந்துசேர ஏலாது. காரிலைதான் வாறன். விடிய அங்கை நிப்பன். கிரியை முடியத் திரும்ப ஓடவேணும்."

எனக்குப் பறந்துவிடலாம் போல இருந்தது. என்ன சமைக்கப்போகிறேன், குருக்கள் எத்தனை மணிக்கு வருகிறார், இவருடைய எந்த வேட்டியை எடுத்து வைத்திருக்கிறேன் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். "நீ அந்தக் கரை போட்டதைக் கட்டு, என்ன?" என்று கேட்டேன். பதில் இல்லை. "மோனை?" பதில் இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று காதோடு அழுத்திப் பார்த்தேன். மூச்சு கேட்டது. நீளமாக, மெதுவாக. என் பிள்ளை போனைக் கையில் பிடித்தபடி, பட்டப்பகலில், கதையின் நடுவில் நித்திரையாகிவிட்டான்.

நான் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். தகப்பனும் இரவு வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இப்படித்தான் தூங்கி விழுவார். பாவம் மனிசன் என்று நினைப்பேன், எழுப்பிச் சாப்பிட வைப்பேன், அடுத்த நாள் விடிய எழுப்பி வேலைக்கும் அனுப்பிவிடுவேன்.

"அம்மா?" அவன் திடுக்கிட்டு எழும்பினான். "என்ன சொன்னனீங்கள்? வேட்டியோ? ஓம், ஓம்."

"நீ வராதை" என்றேன்.

"என்ன?"

"வராதை எண்டு சொன்னனான். கூட்டம் முடிய வீட்டை போய்ப் படு."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அம்மா. அப்பாக்கு நான்தானே செய்யவேணும்?"

"கொப்பர் ஒரு நாளும் நிப்பாட்டேல்லை" என்றேன். "நீ நிப்பாட்டு ராசா."

வா என்று சொல்லத்தான் என் வாய் உன்னியது. அவனைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகிவிட்டது. கன்னம் ஒட்டிப் போயிருப்பான், அதைத் தடவிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. இந்த முறை அவன் நித்திரை இல்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சின்ன வயதில் விழுந்து முழங்கால் உரஞ்சினாலும் அழாத பிள்ளை. "சரி அம்மா" என்றான். நான் போனை வைத்துவிட்டுப் போய், மிச்சக் கத்தரிக்காயை ஒழுங்காக வெட்டினேன்.

காலையில் குருக்கள் தன் பையோடு படியேறி வந்தார். சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அலறும் என்பதால், கூரையில் இருந்த அந்தக் கருவியைத் தும்புத்தடியால் தட்டிக் கழற்றி வைத்திருந்தேன். நிலத்தில் பாய் விரித்து, தர்ப்பை, எள்ளு, செம்பு எல்லாம் பரப்பிவிட்டு நிமிர்ந்தவர், "தம்பி எங்கை?" என்று கேட்டார்.

"வரேல்லை. நான்தான் வேண்டாமெண்டனான்."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப உரிமைக்காரர் ஆரும் இருக்கினமோ? இல்லாட்டி உங்கட கையாலை தர்ப்பையை வாங்கிக்கொண்டு நானே உங்களுக்காகச் செய்யலாம் அக்கா. அதுக்கு வழி இருக்கு."

"நானே இருந்து செய்யிறன் ஐயா."

"ஊரிலை அப்பிடி வழமையில்லை" என்று இழுத்தார். "இப்ப லண்டன், கனடாப் பக்கம் சில இடத்திலை பொம்பிளையள் செய்யினம்தான்." கொஞ்சம் யோசித்தார். பாயின் மற்றப் பக்கத்தைக் கையால் காட்டி, "இருங்கோ" என்றார்.

இருந்தேன். தர்ப்பை மோதிரத்தை விரலில் மாட்டினார். என் விரலுக்கு அது பெரிதாக இருந்தது. சங்கற்பம் சொல்லிக்கொண்டே வந்தவர் இடையில் நிறுத்தி, "இறந்தவரின்ரை பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

நான் இவருடைய பெயரை வாயால் சொன்னதே இல்லை. எங்கள் காலத்தில் புருசன் பெயரைச் சொல்ல மாட்டோம். "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டே ஒரு வாழ்க்கை போய்விட்டது. ஜேர்மன் கந்தோர்களில் கணவர் பெயரென்ன என்று கேட்டால் இவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டுவேன், எனக்குப் பாஷை தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். இவர் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோதும், பேசாமல் இவருடைய பேர்ஸைத்தான் கொடுத்தேன். இவரைக் கிடத்தியிருந்த அறைக்குள் என்னை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திய போது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவேளை கண்ணைத் திறப்பாரோ என்று மனம் சொன்னது. கூப்பிடவில்லை. பழக்கமில்லாத வாய்.

"பேரைச் சொல்லுங்கோ அக்கா" என்றார் குருக்கள் மறுபடியும்.

சொன்னேன். முதலில் காற்றுத்தான் வந்தது. திரும்பச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பெயரை மந்திரத்துக்குள் எடுத்துக்கொண்டு மேலே போனார். என் கையிலிருந்து எள்ளும் தண்ணீரும் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது. இனிப் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று அவர் கையால் காட்டினார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.